ஜெபித்துச் சொல்கிறேன்

மார்ச் 4, செவ்வாய்

நாளை லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம், தொடங்குகின்றன. ஈஸ்டர் வரை ஒரு குறிப்பு எழுதிவரலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொன்னது, செய்யப்போவதை முதலில் எழுது, பிறகு கருவியைத் தொடு என்பதுதான். அதே ஒழுங்கில், இக்குறிப்பில் வரவிருப்பவை:

1. தேவனோடு தனித்திருக்க எனக்கு நேரமில்லாமல் போவதன் காரணங்கள். (சபை வேலைகள், வீட்டுக் கூட்டங்கள், செல்போன்.)

2. அதைச் சரிசெய்ய நான் கைக்கொள்ளும் முறை. அதிகாலை, மாடி அறை, சாத்திய கதவு.

3. பியூலாவின் காரியம்.

4. அந்தக் காரியத்தில் கர்த்தர் தரும் பதில். அது அமைதியில்தான் வரும். இதுவரை வராததற்கு ஒரே காரணம், எனக்கு அமைதி கிடைக்காததுதான்.

5. பதில் வந்தபின் செய்யவேண்டியவை.

நான்காவதில் "ஒரே காரணம்" என்பதற்குப் பதிலாக "முக்கியக் காரணம்" என்று எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. பேனாவால் எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

விவரங்களை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பியூலா என் ஒரே மகள். நாற்பத்திரண்டு வயது. இங்கே பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவள் அம்மா காலமானதிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர்தான். போன ஞாயிறு மாலை வழக்கம்போல் எனக்குக் கண் மருந்து போட்டாள். மருந்து விட்டபின் சற்று நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, கண்ண மூடிக்கிட்டே கேளுங்க. தொறந்தா மருந்து வெளிய வந்துரும். ஜோதிகுமார்னு ஒருத்தர். கோத்தகிரியில மிஷன் ஆஸ்பத்திரியில கணக்கு ஆபீஸ்ல இருக்காரு. மனைவி தவறிட்டாங்க. எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு உண்டு. போன வருஷம் டீச்சர்ஸ் முகாமுக்குப் போனப்ப பழக்கம். என்னக் கலியாணம் பண்ணிக்கக் கேக்காரு. எனக்குச் சம்மதம். நீங்க என்ன சொல்லுதீய?"

கண்ணை மூடியபடியே, "ஜெபிச்சுச் சொல்லுதேன்மா" என்றேன்.

"சரி. லெந்து முழுசும் எடுத்துக்கோங்க. ஈஸ்டர் அன்னைக்கு முதல் ஓலை வாசிச்சாத்தான் மே மாசம் கலியாணம் வைக்கலாம். ஜூன்ல அங்க ஒரு ஸ்கூல்ல எடம் இருக்கு. நீங்க வேண்டாம்னா வேண்டாம்ப்பா. ஆனா ஒண்ணு சொல்லிருங்க."

மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சபையைக் கேட்டபின்தான் எங்களில் திருமணம். பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் ஓலையைக் குருவானவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது தகப்பன்தான். அவள் விருப்பத்துக்கு நான் தடையல்ல. கர்த்தருடைய சித்தம் தெரியவேண்டும். அவ்வளவே.

இன்று முதல் நாள் தியானம். மாடி அறையில் உட்கார்ந்தேன். சபையின் வாட்ஸப் குழுவில் அன்றன்றைய வசனத்தைப் படமாக அனுப்புவது என் பொறுப்பு. அதை அனுப்பினேன். படம் சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் எழுதினார். நேராக்கி மறுபடி அனுப்பினேன். "ஆமென்" என்று வரிசையாக வரத் தொடங்கியது. ஒவ்வொரு ஆமெனுக்கும் போன் சிணுங்கியது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். கீழே இறங்கிவிட்டேன்.

மாலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைச் சேகரத்தின் செயலாளர் தங்கதுரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், லெந்து ஜெபக் கூட்டத்துக்கு வீடு வாரியா அட்டவணை போடணும். உங்கள விட்டா ஆளில்ல."

"இந்த வருஷம் நான் கொஞ்சம்..."

"கொஞ்சந்தான் சார். தினம் ஒரு வீடு."

ஜெபித்துச் சொல்வதாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சேருமுன் அட்டவணைப் பொறுப்பாளர் ஞானாபரணம் என்று குழுவில் என் பெயர் வந்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

லெந்து கூட்டங்களில் தேநீர் மட்டுமே பரிமாறப்பட வேண்டும் என்று சேகரக் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. முதல் வீட்டில் தேநீரோடு பிஸ்கட். இரண்டாம் வீட்டில் சுண்டல். இன்று லில்லி புஷ்பம் டீச்சர் வீட்டில் உளுந்தவடையும் கேசரியும்.

"டீ மட்டுந்தான்னு சொன்னோமே டீச்சர்" என்றேன்.

"டீயோட சேந்ததுதான சார் வடை. வெறும் டீயக் குடிச்சா உங்களுக்கு நெஞ்செரிச்சல் வரும்லா."

இரண்டு வடை சாப்பிட்டேன். இதைக் கட்டுப்படுத்துவது பற்றிக் கமிட்டிக்கு அறிக்கை எழுதும் பொறுப்பையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். அதிகாலையில் மாடி அறையில் அந்த அறிக்கையைத்தான் எழுதினேன். தியானம் நாளை.

மார்ச் 11, செவ்வாய்

நாளை.

மார்ச் 14, வெள்ளி

குருவானவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இளையவர். என் மேல் மரியாதை உள்ளவர். அதனால்தான் அவரிடம் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

"பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரு செய்தி குடுக்கணும் சார். தலைப்பு, பரபரப்பான வாழ்க்கையில தேவனோடு அமைதி வேளை. உங்களுக்குன்னே அமைஞ்ச தலைப்பு."

"நான் அதுக்குத் தகுதியான்னு தெரியல ஐயா. ஜெபிச்சு..."

"ஜெபிச்சே வாங்க சார். நோட்டீஸ் அச்சுக்குக் குடுத்தாச்சு."

பியூலா காப்பி கொண்டுவந்து வைத்தாள். தலைப்பைக் கேட்டதும் டம்ளரை வைத்த கை ஒரு கணம் நின்றது. சிரிப்பை அடக்கினாளோ என்று சந்தேகம்.

நான் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் என்று அவள் அம்மா சொல்வாள். அது சரியல்ல. மறுப்பதற்கும் ஒரு தெளிவு வேண்டும். தெளிவு தியானத்தில்தான் வரும். தியானத்துக்கு நேரமில்லை. இதில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று விடிந்ததும் பியூலா என் செல்போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலந்தான் தருவேன். வசனத்த நான் அனுப்பிருதேன். அட்டவணைக்கு யாரும் கூப்பிட்டா நான் பேசிக்கிடுதேன். பால் வாங்கி வச்சாச்சு. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. வாசல்ல பூட்டுத் தொங்கவிட்டுட்டுப் போறேன். ஆளில்லன்னு நெனச்சுக்கிடுவாக. பின்வாசல் சாவி ஒங்ககிட்ட இருக்கு. நீங்க மேல போயி இருங்க."

எனக்காக என் மகள் ஒரு நாளையே காலி செய்து கொடுத்துவிட்டாள். நன்றியோடு மாடிக்குப் போனேன். உண்மையிலேயே அமைதியாக இருந்தது. மோட்டார்கூட இல்லை. கண்களை மூடினேன்.

அறையின் மூலையில் அவள் அம்மாவின் தையல் இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது கண்ணில் பட்டது. (கண்களைத் திறந்திருந்தேன் என்பது இதிலிருந்து தெரிகிறது.) எண்ணெய் விட்டேன். சக்கரம் சுழன்றது. ஊசி தாங்கியைக் கழற்றித் துடைத்தேன். அப்புறம் அட்டவணையில் இரண்டு வீடுகள் இடம் மாறியிருக்கின்றனவோ என்று ஐயம் வந்தது. கீழே வந்து பழைய தொலைபேசியில் தங்கதுரையைக் கூப்பிட்டேன்.

"ஒங்க போனு பியூலா கையில இருக்குன்னு சொன்னாளே சார். நீங்க தியானத்துல இருக்கீய, தொந்தரவு பண்ணாதீங்கன்னு என்னைய ஏசுனா. இப்ப நீங்களே கூப்பிடுதீய?"

வீடுகள் இடம் மாறவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

சித்தம் அறிய ஜெபம் மட்டும் போதாது, மனிதன் செய்யவேண்டிய விசாரணையும் உண்டு. என் பழைய மாணவன் ஒருவன் குன்னூரில் இருக்கிறான். ஜோதிகுமாரைப் பற்றி அவனிடம் விசாரித்திருந்தேன். பதில் வந்துவிட்டது. குடிப்பதில்லை. கடனில்லை. சபைப் பாடகர் குழுவில் பாடுகிறார். இறந்த மனைவியின் பெற்றோரே அவர் மறுமணம் செய்யவேண்டும் என்று சொல்கிறார்களாம். மகளுக்கும் சம்மதம்.

தடையாக இருக்கக்கூடியவை என்று நான் எழுதிவைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக அடித்தேன். தாளில் ஒன்றும் மிச்சமில்லை.

இவ்வளவு நல்ல பெயர் எடுத்திருப்பவர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

பியூலா பாடகர் பயிற்சிக்குப் போயிருந்தபோது கண் மருந்தை நானே போட்டுப் பார்த்தேன். முதல் சொட்டு புருவத்தில். அடுத்தது கன்னத்தில். கண்ணாடி முன்னால் நின்று மறுபடியும் முயன்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரே முகமே தெரிவதில்லை. சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

ஏன் முயன்றேன் என்று தெரியவில்லை. சும்மாதான்.

அவள் வந்து பாட்டிலைப் பார்த்தாள். "மருந்து கொறஞ்சிருக்கே?" என்றாள். மூடி சரியாக இல்லை, ஒழுகியிருக்கும் என்றேன். இது பொய். இந்தக் குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்பதால் இதையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 29, சனி

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசினேன். மூன்று பகுதிகளாகத் தயாரித்திருந்தேன். நேரத்தை ஒதுக்குதல், இடத்தை ஒதுக்குதல், மனதை ஒதுக்குதல். பேசப்பேச நானே வியக்கும்படி நன்றாக வந்தது. மார்த்தாள் அடுப்படியில் பாத்திரங்களோடு அல்லாடியதையும் மரியாள் இயேசுவின் காலடியில் அமர்ந்திருந்ததையும் சொன்னபோது, லில்லி புஷ்பம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "நாங்க மரியாளா இருந்தா உங்களுக்கு மத்தியானச் சோறு யாரு சார் பொங்குவா?" என்று கேட்டார்கள். கூடம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பியூலா கடைசி வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் சொன்னாள்.

"நல்லாப் பேசுனீயப்பா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அமைதியில தேவன் பேசுனா ஒடனே கீழ்ப்படியணும், தாமதிக்கிறதும் கீழ்ப்படியாமைதான்னு சொன்னீயல்லா. அத நோட்டுல எழுதிக்கிட்டேன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்படிச் சொன்னேனா என்று குறிப்புத்தாளைப் பார்த்தேன். சொல்லியிருக்கிறேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

இந்தச் செய்தியைத் தயாரிக்கவே இந்த வாரத்துக் காலைகள் எல்லாம் போய்விட்டன. தியானம் இல்லை.

ஏப்ரல் 5, சனி

ஜோதிகுமார் வந்திருந்தார். உயரமானவர், கொஞ்சம் கூனல். ஒரு பை நிறைய கேரட்டும், வர்க்கி பிஸ்கட்டும், தேயிலையும் கொண்டுவந்தார். நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப் போல் பயந்த சுபாவம் என்று கண்டுகொண்டேன். அதனால் எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்கவேண்டும். பிடித்துவிட்டது.

"பாப்பாவும் வரேன்னுச்சுங்க சார். பரீட்சைங்க. அதான் கூட்டிட்டு வரலைங்க."

"அங்க குளிர் எப்படி?"

"எங்களுக்குப் பழகிருச்சுங்க. உங்களுக்குக் கொஞ்சம் சிரமமா இருக்கும். ஆனா ரூம்ல ஹீட்டர் போட்டுடலாங்க."

அவர் என்ன சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. பியூலா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களும் எங்களோடவே வந்துருங்க சார். குவார்ட்டர்ஸ்ல முன்னாடி ஒரு ரூம் சும்மாதாங்க கெடக்குது. ஜன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டம். சத்தமே இருக்காதுங்க. நீங்க தியானத்துக்கு அமைதியான எடம் தேடிட்டு இருக்கீங்கன்னு இவங்க சொன்னாங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்கூட உடனே அகப்படவில்லை. இந்த வீடு, இந்தச் சபை, அவள் அம்மாவின் கல்லறை என்று பின்னால் பலவும் தோன்றின. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் அந்நியனாக முன்னறையில் ஒரு கிழவன், ஒரு பெண்குழந்தை அவனைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் காட்சி மட்டும் தெரிந்தது.

"ஜெபிச்சுச் சொல்லுதேன் தம்பி" என்றேன்.

"தாராளமாங்க" என்றார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. நான் மாடிக்குப் போய் முழங்காலில் நின்று அவர்களுக்காக மன்றாடுவேன் என்று அவர் நம்பினார்.

பேருந்து நிலையம்வரை பியூலா போய்விட்டு வந்தாள். அவள் வருவதற்குள் நான் கேரட்டைக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

குருத்தோலைச் சிலுவைகளுக்கு ஓலை வந்து இறங்கியது. ஆலய முற்றத்தில் உட்கார்ந்து ஈர்க்கு நீக்கிக்கொண்டிருந்தோம். தங்கதுரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பியூலாவுக்கு ஒரு எடம் வந்திருக்காம்லா சார்?"

"ஜெபத்துல வச்சிருக்கோம்."

"வைங்க வைங்க. அந்த சாயர்புரத்துப் பையனையும் ஜெபத்துலதான வச்சிருந்தீய. அவன் மகன் இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கதுரை எல்லாவற்றையும் வேடிக்கையாகவே பேசுகிறவர். அந்தச் சமயத்தில் பியூலாவின் அம்மா படுக்கையில் இருந்தாள். அது வேறு சூழ்நிலை. அப்போதும் எனக்குத் தெளிவான பதில் வரவில்லை. இப்போது அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

என் கையிலிருந்த ஓலை கிழிந்துவிட்டது. வேறொன்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி. வெயில். குழுவில் படங்கள் போட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசவேண்டும். மூன்றாம் வார்த்தை கிடைத்தவர் தனக்கு ஆறாம் வார்த்தைதான் வேண்டும் என்கிறார். ஆறாம் வார்த்தைக்காரர் ஏற்கெனவே தயாரித்துவிட்டாராம். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சமாதானம் செய்யும்படி என்னை அனுப்பியிருக்கிறார்கள். அலைந்துகொண்டிருக்கிறேன்.

காலையில் மாடி அறைக்குப் போகவில்லை. போகாமலிருக்க இவ்வளவு நியாயமான காரணம் இதுவரை அமைந்ததில்லை.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டுமானால் இன்று ஆராதனை முடிந்ததும் குருவானவரிடம் கொடுத்துவிடவேண்டும். நாளை முதல் அவருக்கு ஓய்விருக்காது. பியூலா காலையிலேயே சொன்னாள். ஓலையை அவளே நிரப்பியிருந்தாள். பெண்ணின் பெயர், பிள்ளையின் பெயர், சபைகளின் பெயர். தகப்பன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

"முடிவா ஒண்ணும் வரலியாப்பா?"

"இன்னைக்குள்ள தெரிஞ்சிரும்மா."

இராப்போஜன ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். பியூலா முகப்பில், செருப்புகளின் பக்கத்தில் நின்றாள். கையில் அந்த ஓலை, மடிக்காமல், சேலை முந்தானையால் மறைத்துப் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் குருவானவர் இன்னும் அங்கியைக் கழற்றவில்லை. தனியாகத்தான் இருந்தார். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பத்தடிகூட இராது.

அப்போது மூன்றாம் வார்த்தைக்காரர் வந்து என் கையைப் பிடித்தார். தான் மூன்றையே பேசிவிடுவதாகச் சொன்னார். பிரச்சினை முடிந்துவிட்டது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம். "இல்ல, வாங்க, ஒக்காந்து பேசுவோம்" என்று நானே அவரை ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரிக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

வெளியே வந்தபோது முகப்பில் யாருமில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் பியூலா கண் மருந்து போட்டாள். ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை.

"அப்பா, கண்ணத் தொறக்காதீங்க. அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். விடிஞ்சதும் பேசிட்டேன். இனிமே அதுக்காக நீங்க ஜெபிக்க வேண்டாம்."

"என்னம்மா இது..."

"கோவத்துல சொல்லலப்பா. ஒருத்தர எத்தன நாளு நிக்கவச்சிருக்க முடியும்? அந்தப் புள்ளயும் கேட்டுக்கிட்டே இருக்காம். வெள்ளச் சட்டை அயர்ன் பண்ணி கட்டில்ல இருக்கு. போட்டுட்டு வாங்க."

அவள் போய்விட்டாள். நான் கண்ணை மூடியபடியே இருந்தேன். அப்போது எனக்குள் முதலில் வந்தது என்ன என்பதை எழுதவேண்டுமா என்று மும்மணி ஆராதனை முழுவதும் யோசித்தேன். ஏழு பேர் பேசினார்கள். ஒருவர் பேசியதும் காதில் விழவில்லை.

நிம்மதி வந்தது. துக்கம் அல்ல, வெட்கம் அல்ல, முதலில் வந்தது நிம்மதி. நாளைக்கும் என் சட்டை அயர்ன் ஆகியிருக்கும் என்ற நிம்மதி.

ஏப்ரல் 19, சனி

இன்று ஆலயத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பூ அலங்காரம் பெண்களுடையது. பியூலா அதற்குப் போயிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி இதுதான். இதைவிட அமைதி பூமியில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. முழங்கால் வலிக்கும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, பியூலாவின் காரியத்தில் உமது சித்தம் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேள்வி வரவில்லை. பதில் தெரிந்த கேள்வியை மாணவன் கேட்டால் நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி யாரோ என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. குரல் ஒன்றும் கேட்கவில்லை. வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கேட்கவேண்டியிருந்த உண்மையான கேள்வி வேறு. அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? அதை மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்டேன். அதற்கும் பதில் வரவில்லை. ஆனால் அழ முடிந்தது.

கீழே வந்து ஜோதிகுமாரைக் கூப்பிட்டேன். என்ன சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். குரல் கேட்டதும் தாளில் இருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"தம்பி, நான் பியூலா அப்பா பேசுதேன். எனக்குச் சம்மதம். மொதல்லயே சம்மதந்தான். நான்தான் சொல்லல. அவ வேண்டாம்னு சொன்னது எனக்காகத்தான். அத நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்பிள்ளையாக இருக்கும்.

"சார், நேத்துதாங்க பாப்பாகிட்ட எடுத்துச் சொன்னேன். ராத்திரியெல்லாம் அழுதுட்டு இப்பத்தான் சாப்பிட்டுச்சு. மறுபடியும் ஒண்ணு சொல்லிட்டு, அதுவும் இல்லேன்னு ஆயிட்டா..." நிறுத்தினார். பிறகு மரியாதை குறையாமல் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஜெபிச்சுட்டுச் சொல்றேனுங்க."

"தாராளமா" என்று சொல்லிப் போனை வைத்தேன். "ஜெபித்துச் சொல்கிறேன்" என்ற சொல்லை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் எப்படியிருக்கும் என்று இத்தனை வயதுவரை எனக்குத் தெரியாது. அவர் உண்மையிலேயே ஜெபிக்கப் போகிறாரா, என்னைப் போலவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க வழியில்லை. போனைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

பியூலா வந்ததும் சொல்லிவிட்டேன். கைநிறைய மிஞ்சிய பூக்களோடு நின்று கேட்டாள். அவர் கடைசியாகச் சொன்னதைச் சொன்னபோது சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"ஒங்களுக்கு நல்லா வேணும்ப்பா" என்றாள்.

பிறகு, "ஏன் மொதல்லயே சொல்லல?" என்று கேட்டாள். அதற்கு அவளிடம் நேராகப் பதில் சொன்னேன். பயமாக இருந்தது என்றேன். அவள் பூவைத் தண்ணீரில் போட்டாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. பியூலா பாடினாள். அறிவிப்புகளில் வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று குருவானவர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே தங்கதுரை கை கொடுத்தார். "சார், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு பொறுப்பாளர் வேணும்."

"என்னால முடியாது தங்கதுரை."

"ஜெபிச்சுச் சொல்லுங்க சார்."

"இல்ல. முடியாது."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா சார்?" என்று கேட்டார்.

பிற்பகலில் பியூலாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கீழே பாத்திரங்களைத் தேய்த்தேன். முதலில் பேச்சே கேட்கவில்லை. அப்புறம் வேறு குரலில், குழந்தைகளோடு பேசும் குரலில் பேசினாள். எல்லாப் பாத்திரமும் முடிந்தபின்னும் அவள் வரவில்லை. தேய்த்ததையே இன்னொருமுறை தேய்த்தேன்.

இறங்கி வந்தவள் குழாயை மூடினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மொதல் ஓலை வாசிக்கணும்னா நாளைக்கு குருவானவர் வீட்டுக்குப் போகணும். போவீயளாப்பா?"

"போறேன்" என்றேன். அவள் கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

ஓலையைக் கொடுத்துவிட்டேன். குருவானவர் காப்பி குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

இந்தக் குறிப்பு ஈஸ்டரோடு முடியவேண்டியது. ஐந்தாவதற்கு, பதில் வந்தபின் செய்யவேண்டியவற்றுக்கு, எழுத இன்னும் நிறைய இருக்கிறது. கோத்தகிரிக்குப் போவேனா, இங்கேயே இருப்பேனா என்று தெரியவில்லை. இரண்டையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. அதைப் பியூலாவிடமும் சொல்லியிருக்கிறேன். காலையில் மாடி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கேட்க ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வுக்கூட நோட்டில் தவறைக் கண்டால் அழிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆகவே எழுதுகிறேன். முதல் நாள் குறிப்பில் நான்காவதாக எழுதியது தவறு. பதில் வராததற்குக் காரணம் அமைதி இல்லாதது அல்ல. கண் மூடியிருந்தபோது "எனக்குச் சம்மதம்" என்று அவள் சொன்னாளே, அப்போதே எனக்குப் பதில் தெரியும்.

சா. ஞானாபரணம்